ரயிலுக்குப் பொடி இட்லி கட்டுவது எப்படி

எனக்குச் சூடான இட்லியை விட ஆறின இட்லிதான் பிடிக்கும். வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். ஆறினது என்றால் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தது இல்லை, குளிரில் வைத்தால் அரிசி சீக்கிரம் இறுகி இட்லி கல்லாகிவிடும். காலையில் எண்ணெயும் பொடியும் தடவி இலையில் கட்டி, நாலு மணி நேரமாவது ஊறி, ஓடுகிற ரயிலில் பிரிக்கிற இட்லியைச் சொல்கிறேன்.

பொடியை முதல் நாளே அரைத்து வையுங்கள். ஒரு கப் உளுந்துக்கு அரை கப் கடலைப்பருப்பு, பதினைந்து மிளகாய் வத்தல், ரெண்டு ஸ்பூன் கறுப்பு எள்ளு, பெருங்காயம், கல் உப்பு. ஒவ்வொன்றாக வறுத்து ஆறவிட்டு, ரவை மாதிரி கொரகொரப்பாக அரைத்தால் போதும். மாவாக அரைத்தால் எண்ணெயோடு சேர்ந்து பசையாகிவிடும், பல்லில் கடிபட ஒன்றும் இருக்காது. தேங்காய்ச் சட்னி கொண்டுபோகிற ஆசையை விட்டுவிடுங்கள், வெயிலில் வழியிலேயே ஊசிவிடும்.

இட்லி வெந்ததும் தட்டில் பரப்பி முழுக்க ஆறவிட வேண்டும். இதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். நானும் ஒருமுறை வண்டிக்கு நேரமாகிறது என்று ஆவியோடு கட்டிக்கொண்டு ஓடி, சிவகாசி தாண்டிப் பிரித்துப் பார்த்தால் இலையெல்லாம் வியர்த்து, பொடி குழம்பாகி, இட்லி லேசாகப் புளித்த வாடை. அன்றைக்கு பிஸ்கட்தான். ஆறினதும் நல்லெண்ணெயை முதலில் ரெண்டு பக்கமும் தாராளமாகத் தடவி, மேலே பொடியைப் புரட்டுங்கள். எண்ணெய்தான் இட்லியைக் காயவிடாமல் காப்பாற்றுகிறது, அதில் கஞ்சத்தனம் வேண்டாம். வாழையிலையின் நடு நரம்பைச் சீவி, அடுப்புத் தீயில் காட்டி வாட்டினால் கிழியாமல் மடியும். ஒரு பொட்டலத்துக்கு நாலு இட்லி, மேலே செய்தித்தாள், நூல். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுங்கள்.

குடிக்க ஃபிளாஸ்கில் கருப்பட்டி சுக்குக் காப்பி, பால் இல்லாமல். பாலைக் கருப்பட்டியோடு கொதிக்கவிட்டால் திரிந்துபோக வாய்ப்பு அதிகம். கருப்பட்டியைக் கரைத்ததும் முதலில் வடிகட்டுங்கள், அடியில் மண் தங்கும். அப்புறம் தட்டிய சுக்கு, மல்லி, நாலு மிளகு போட்டுக் கொதிக்க வையுங்கள். காரப்பொடிக்கு மேல் காரமான காப்பியா என்று கேட்பவர்கள் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

சரி, எந்த வண்டி? மதுரையிலிருந்து செங்கோட்டைக்கு, வழியெல்லாம் நின்று நின்று போகிற காலை வண்டி. வேகமான வண்டியில் இந்த இட்லி எடுபடுவதில்லை, பொட்டலத்தைப் பிரித்துக் கை கழுவுவதற்குள் ஊர் வந்துவிடும். முன்பதிவில்லாத பெட்டியில், போகிற திசையைப் பார்த்து வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். காலை வெயில் இடது பக்கம் அடிக்கும், மலை இருப்பது வலது பக்கம். விருதுநகர், திருத்தங்கல், சிவகாசி வரை பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை, தூங்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்குவதென்றால் முந்தின தடவை ஊருக்குள் இறங்கியே வாங்கியிருக்க வேண்டும், நிற்கிற நேரத்தை நம்பி இறங்காதீர்கள். ராஜபாளையம் தாண்டினதும் மேற்குத் தொடர்ச்சி மலை ஜன்னலோடு கூடவே வரும், அங்கேதான் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும்.

நேரமிருந்தால் ரெண்டு பொட்டலம் மிச்சம் வைத்துக்கொண்டு செங்கோட்டையிலிருந்து புனலூர் பக்கம் போகிற வண்டியில் ஏறுங்கள். 1904-இல் திறந்த மலைப்பாதை, அகலப்பாதையாக மாற்றி 2018-இல் மறுபடி ஓடவிட்டார்கள். ஆரியங்காவு குகைக்குள் நுழைந்ததும் பெட்டி இருட்டாகும், பிள்ளைகள் கத்துவார்கள், கழுதுருட்டிப் பக்கம் பதிமூணு கண் பாலம் வரும்.

எண்ணெய்க் கையோடு ஜன்னல் கம்பியைப் பிடிக்காதீர்கள், அடுத்து உட்காருகிறவர் திட்டுவார். கை துடைக்க ஈரத்துணி ஒன்று தனியாகக் கட்டிக்கொள்ளுங்கள்.