சிலந்தியின் முகம் எங்கே? தோட்டத்துப் பூச்சிகளை நெருங்கிப் படமெடுக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் ஆண்டில் நான் எடுத்த சிலந்திப் படங்களை இப்போது திறந்து பார்த்தால், எல்லாவற்றிலும் முதுகு இருக்கிறது. முகம் ஒன்றில்கூட இல்லை. நின்ற இடத்திலிருந்து குனிந்து, மேலிருந்து கீழாக எடுத்தவை. மேக்ரோ லென்ஸுக்காக மாதக்கணக்கில் பணம் சேர்த்தவனுக்கு முழங்காலை ஈர மண்ணில் ஊன்ற மட்டும் மனம் வரவில்லை. சிலந்திக்கும் பூச்சிக்கும் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்துக்கு லென்ஸ் இறங்க வேண்டும். இறங்காதவரை நமக்குக் கிடைப்பது பாடப்புத்தகத்து விளக்கப்படம்தான்.

கருவிகளைப் பற்றி முதலிலேயே பேசி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் பலர் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். விலை உயர்ந்த லென்ஸ் வரும்வரை காத்திருப்பது முதல் தவறு. சாதாரண 50 மி.மீ. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே 50 மி.மீ. நீளத்துக்கு எக்ஸ்டென்ஷன் குழாய்களை (உள்ளே கண்ணாடி இல்லாத வெற்றுக் குழாய்கள்) செருகினால், பூச்சி தன் உண்மையான அளவிலேயே கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் விழும். அதே லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி ஒரு வளையத்தின் மூலம் பொருத்தினாலும் வேலை நடக்கும். அதற்கு அபர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, கையாலேயே திருப்பி மாற்றும் வளையம் உள்ள பழைய லென்ஸ்களே வசதி. குதிக்கும் சிலந்திகளின் முகங்களால் பெயர் பெற்ற அமெரிக்கர் தாமஸ் ஷாஹன் இப்படித் திருப்பிப் போட்ட பழைய லென்ஸ்களால்தான் தொடங்கினார். மேக்ரோ லென்ஸ் வாங்குவதாகவே முடிவு செய்தால், விலை குறைவு என்று 60 மி.மீ. பக்கம் போக வேண்டாம். லென்ஸின் மேல் எழுதியிருக்கும் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் சென்சாரிலிருந்து அளந்தது, லென்ஸின் முனையிலிருந்து அல்ல. 100 மி.மீ. லென்ஸில் 30 செ.மீ. என்று எழுதியிருந்தால், லென்ஸின் நீளத்தைக் கழித்தபின் பூச்சிக்கும் கண்ணாடிக்கும் இடையே அதில் பாதியளவு மிஞ்சும். 60 மி.மீ. லென்ஸில் சில விரல் இடைவெளிதான் மிஞ்சும். எந்தத் தட்டானும் அதுவரை உட்கார்ந்திருக்காது.

நெருங்குவதற்கு முன்

காலை பத்து மணிக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தில் இறங்குகிறவர்கள் உண்டு. அந்த நேரத்தில் பூச்சிகள் வெயிலில் உடம்பைச் சூடேற்றிக்கொண்டு முழு வேகத்தில் இருக்கும். வாசலில் கோலம் போடும் நேரத்தில் போய்ப் பாருங்கள். மார்கழி, தை மாதங்களில் பனி நனைத்த தட்டான் சிறகை அசைக்கவே யோசிக்கும். மாலை மங்கும் வேளையும் அப்படித்தான். நீலப்பட்டைத் தேனீக்களின் ஆண்கள் அந்தியில் மெல்லிய காய்ந்த குச்சிகளைத் தாடையால் கவ்விக்கொண்டு வரிசையாக உறங்கும். ஒருமுறை அந்தக் குச்சியைக் கண்டுபிடித்துவிட்டால் மறுநாளும் பெரும்பாலும் அங்கேயே வரும். வட்ட வலைச் சிலந்திகளில் பல இருட்டத் தொடங்கும்போதுதான் வலை பின்ன ஆரம்பிக்கும்.

அடுத்த தவறு நம் நிழல். பூச்சியின் மேல் சட்டென்று நிழல் விழுந்தால் அதன் அகராதியில் அதற்குப் பறவை என்று பொருள். சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்து, சுற்றிக்கொண்டு போக வேண்டும். தட்டானைத் துரத்தவே கூடாது. எழுந்து போனாலும் பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பிவிடும். அந்தக் குச்சிக்கு ஃபோகஸ் வைத்துவிட்டு நாம் உட்கார்ந்துகொள்ளலாம். நான் இப்படிக் கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, பக்கத்து வீட்டுப் பாட்டி மதிலுக்கு மேலே எட்டி, “எதையாவது தொலைத்துவிட்டாயா தம்பி?” என்று கேட்டார்.

சிலந்தியிடம் நிழலைவிட அதிர்வுதான் காட்டிக்கொடுக்கும். கையெழுத்துச் சிலந்தியை எடுத்துக்கொள்வோம். வலையின் நடுவில் வெள்ளைப் பட்டினால் பெருக்கல் குறிபோலக் கோடுகள் போட்டு, கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்துவைத்து உட்கார்ந்திருக்கும். வலையைத் தாங்கும் இழைகள் நாம் நினைப்பதைவிடத் தூரத்தில், ஓர் அடி தள்ளியிருக்கும் கிளையில்கூடக் கட்டப்பட்டிருக்கலாம். முழங்கை அதில் பட்டால் சிலந்தி முதலில் வலையை முன்னும் பின்னுமாக உலுக்கும். அதுதான் எச்சரிக்கை. அப்போது அப்படியே நின்றுவிட்டால் சற்று நேரத்தில் அடங்கிவிடும். மேலும் நெருங்கினால் இழையைப் பிடித்துக்கொண்டு தரைக்கு இறங்கிவிடும். அன்றைய வேலை முடிந்தது. இன்னொன்று: இந்தச் சிலந்தி தலைகீழாகத்தான் உட்காரும். படத்தைக் கணினியில் ‘நேராக்கி’ தலையை மேலே திருப்பி வெளியிடுகிறவர்கள் அதன் வாழ்க்கையையே தலைகீழாக்குகிறார்கள்.

அரிசியின் தடிமன்கூட இல்லை

மனிதர்களைப் படமெடுத்துப் பழகியவர்கள் பின்னணி அழகாக மங்கட்டும் என்று அபர்ச்சரை அகலத் திறந்து எஃப் 2.8-இல் வைத்துத் தொடங்குவார்கள் (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்). முழு அளவு சென்சாரில் உயிரளவுக்கு, அதாவது பூச்சி தன் உண்மையான அளவில் விழும் வரை, நெருங்கினால், எஃப் 2.8-இல் கூர்மையாக இருக்கும் ஆழம் சுமார் மூன்றில் ஒரு மில்லிமீட்டர். எஃப் 11-இல்கூட 1.3 மி.மீ.தான். ஓர் அரிசி மணியின் தடிமன்கூடக் கிடையாது. சிலந்தியின் ஒரு கண் தெளிவாகவும் அடுத்த கண் மங்கலாகவும் வருவது இதனால்தான்.

சரி, அபர்ச்சரை முழுக்க மூடி எஃப் 22 வைக்கலாமே என்று தோன்றும். நான் ஒரு பருவம் முழுவதும் அப்படித்தான் எடுத்தேன். ஆழம் கூடியது, ஆனால் படம் மொத்தமும் மென்மையான துணி போர்த்தியதுபோல ஆகிவிட்டது. சிறு துளை வழியாக ஒளி சிதறி விரிவதே காரணம். நெருங்கும்போது இந்தக் கேடு இரட்டிப்பாகும்: உயிரளவில் எஃப் 22 என்பது நடைமுறையில் எஃப் 44 ஆகச் செயல்படும். நிக்கானின் மைக்ரோ லென்ஸ்கள் (மேக்ரோவுக்கு அவர்கள் வைத்த பெயர்) இந்த மாற்றத்தைத் திரையிலேயே காட்டிவிடும். பல கேமராக்கள் காட்டுவதில்லை. உயிரளவுக்கு எஃப் 8 முதல் 11 வரை, அதைவிடப் பெரிதாக்கினால் 5.6 முதல் 8 வரை என்பது என் கணக்கு.

கிடைக்கும் அந்தச் சிறு ஆழத்தை எங்கே செலவிடுவது என்பதுதான் கெட்டிக்காரத்தனம். வண்ணத்துப்பூச்சி சிறகை மூடி உட்கார்ந்தால், கேமராவின் பின்பக்கம் அந்தச் சிறகுக்கு இணையாக இருக்கட்டும். சற்றுச் சாய்ந்தாலும் ஓரம் மங்கிவிடும். முகத்துக்கு நேரே எடுக்கும்போது கண்ணைத் தவிர வேறு எதற்கும் ஆழத்தைச் செலவழிக்க வேண்டாம். கும்பிடுபூச்சியின் கண்ணில் தெரியும் கரும்புள்ளி உண்மையான பாவை அல்ல. கூட்டுக்கண்ணில் நாம் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நம்மை நோக்கியே தோன்றும் மாயம். அந்தப் புள்ளிக்கு ஃபோகஸ் வைத்தால் படம் நம்மை முறைக்கும்.

ஆட்டோ ஃபோகஸை நம்பிக் காத்திருப்பது நேர விரயம். லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்துகொண்டிருக்கும்போது ஈ போய்விடும். ஃபோகஸ் வளையத்தை வேண்டிய உருப்பெருக்கத்தில் நிறுத்திவிட்டு, உடம்பை மெல்ல முன்னால் சாய்த்து, கண் தெளியும் கணத்தில் அழுத்துங்கள். காற்று இருந்தால் ட்ரைபாட் உதவாது. கேமரா அசையாமல் நிற்கும், செடி ஆடும். இடது கையால் செடியின் தண்டைப் பிடித்து, அதே கையின் மேல் லென்ஸைச் சார்த்திக்கொண்டால் பூச்சியும் கேமராவும் சேர்ந்தே ஆடும்.

வெவ்வேறு ஆழத்தில் பல படங்கள் எடுத்துக் கணினியில் ஒன்றாக்கும் முறை உண்டு. நல்ல முறைதான். ஆனால் இணையத்தில் வியக்கவைக்கும் படங்களோடு நம் தோட்டத்துப் படத்தை ஒப்பிட்டுச் சோர்ந்துபோவது வீண். பிரிட்டிஷ் புகைப்படக்காரர் லெவான் பிஸ் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்துப் பூச்சிகளை எடுத்தபோது ஒரு பூச்சிக்கே 8,000 படங்களுக்கு மேல் சேர்த்தார். அவை பாடம் செய்யப்பட்ட பூச்சிகள்; உணர்கொம்பை ஆட்டாதவை. உயிருள்ள பூச்சியிடம் பத்துப் படங்கள் சேர்ந்தாலே அதிர்ஷ்டம், அதிலும் ஓர் உணர்கொம்பு இரண்டாகத் தெரியும்.

ஒளி என்னும் பெரிய தலைவலி

உச்சி வெயில் எவ்வளவு கெட்டதோ, மூடாத ஃபிளாஷும் அவ்வளவு கெட்டது. பொறிவண்டின் முதுகு ஒரு மெழுகிய கோளம். அதில் ஃபிளாஷ் ஒரு வெள்ளைப் பொட்டாக எரிந்துபோய்த் தெரியும். நிறம், புள்ளி எல்லாம் அதற்குள் காணாமல் போகும். கேமராவோடு வரும் சிறு ஃபிளாஷில் இன்னொரு கூத்தும் நடக்கும்: லென்ஸின் நிழலே பூச்சியின் மேல் விழும்.

சூரியன் எவ்வளவோ பெரியது. ஆனால் நம் வானத்தில் அது ஒரு பொட்டு. அதனால்தான் நிழல் கத்திபோல விழுகிறது. மேகம் மூடினால் வானமே விளக்காகி நிழல் கரைந்துவிடுகிறது. பூச்சிக்கும் அப்படியொரு மேகத்தை நாம் கட்டித்தர வேண்டும். டிஃப்யூசர் என்று கடையில் விற்பதை வாங்கலாம். நான் டிரேசிங் தாளும் மெல்லிய வெள்ளைத் தெர்மாகோல் உறைத்தாளும் கொண்டு ஒட்டியதைத்தான் மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். பார்க்கச் சகிக்காது, படம் நன்றாக வருகிறது. பலர் செய்யும் பிழை, டிஃப்யூசரை ஃபிளாஷின் முகத்தோடு ஒட்டிவிடுவது. அப்போது விளக்கின் அளவு மாறுவதில்லை. ஃபிளாஷிலிருந்து தள்ளி, பூச்சிக்கு மிக அருகில், லென்ஸின் முனைக்கு மேலே குடைபோலக் கவிந்திருக்க வேண்டும்.

ஃபிளாஷின் சக்தியைக் குறைத்து வைத்தால் இன்னொரு லாபம் கிடைக்கும். பதினாறில் ஒரு பங்கு சக்தியில் பல ஃபிளாஷ்கள் பத்தாயிரத்தில் ஒரு விநாடி அளவுக்குத்தான் மின்னும். கை நடுக்கமும் காற்றும் அதற்குள் அகப்படுவதில்லை. ஆனால் பின்னணி கவனம்: ஃபிளாஷின் வெளிச்சம் சில செ.மீ. தாண்டியதும் வற்றிவிடும், பட்டப்பகலில் எடுத்தது நள்ளிரவு போலாகும். பூச்சிக்குப் பின்னால் சற்று அருகில் ஓர் இலை வருமாறு கோணத்தை மாற்றினால் அந்தக் கருமை போய்விடும். வலைக்கு மட்டும் இது எதிர்மாறு. கரும்பின்னணியும் எதிர்வெயிலும் இருந்தால்தான் இழைகள் மினுங்கும்.

செய்யவே கூடாதவை

வலை தெரியவில்லை என்று மாவு தூவுகிறார்கள். பசை போன வலையில் இரை சிக்காது, சிலந்தி அதைக் கைவிட்டு மறுபடியும் பின்ன வேண்டும். பூச்சியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்து எடுப்பதும் நடக்கிறது. வழக்கமாக நிற்காத விதத்தில் கால்கள் மடங்கியிருப்பதே காட்டிக்கொடுக்கும். அப்படிப்பட்ட படத்துக்கு விருது கிடைத்தாலும் எனக்கு அது களவுதான். தோலுரித்துக்கொண்டிருக்கும் கும்பிடுபூச்சியையோ சிலந்தியையோ தொடவே வேண்டாம். அந்த நேரத்தில் விழுந்தால் கால் கோணி, பிழைக்காமலும் போகலாம். சில வண்ணத்துப்பூச்சிகள் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கின்றன என்பதும் நினைவிருக்கட்டும்.

நம் உடம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். செம்பருத்திப் பூவைத் தின்னும் கறுப்பும் ஆரஞ்சுமான கொப்புள வண்டைக் கையால் எடுத்தால் பெயருக்கேற்ற பலன் கிடைக்கும். முருங்கை அடிமரத்தில் கம்பளிப்பூச்சிகள் கூட்டமாக ஒட்டியிருக்கும்போது சாய்ந்து நிற்காதீர்கள். புல்லில் முழங்கால் ஊன்றுவதற்கு முன் ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள். கண் லென்ஸுக்குள் இருக்கும்போது பாம்பு தெரியாது.

பெயர் தெரியாத படம்

ஒரே ஒரு அழகான கோணத்தோடு திரும்பிவிடுவதால் பிறகு அந்த உயிர் எதுவென்று யாராலும் சொல்ல முடிவதில்லை. பக்கவாட்டு, முகம், முதுகு, முடிந்தால் அடிவயிறு; கூடவே செடி முழுவதும் தெரிய ஒரு படம். புழுவாக இருந்தால் செடியின் பெயரே பாதி விடை. எலுமிச்சையில் இருப்பது எருக்கில் இருக்காது.

கால்களையும் எண்ணுங்கள். மாமரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு என்று நான் வைத்திருந்த ஒரு படத்தில், இரண்டு ஆண்டுகள் கழித்து எட்டுக் கால்கள் இருப்பதைக் கண்டேன். எறும்பு வேடமிட்ட குதிக்கும் சிலந்தி அது. முன்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்புபோல ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறது, நானும் நம்பியிருக்கிறேன்.

குதிக்கும் சிலந்தியை ஈப்புலி என்று சொல்லும் வழக்கம் தமிழில் உண்டு. பெயர் வைத்தவர் அது ஈயை நோக்கிப் பதுங்குவதைப் பார்த்திருக்க வேண்டும். முன்னால் இருக்கும் இரண்டு பெரிய கண்களும் முழுக்கக் கருமையாகத் தெரிந்தால் அது நம்மை நேராகப் பார்க்கிறது என்று அர்த்தம். உள்ளே விழித்திரை நகரும்போது கண்ணின் நிறம் வெளிறும். போன வாரம் செம்பருத்தி இலையில் ஒன்று முக்கால் மணி நேரம் முதுகைக் காட்டிக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகத் திரும்பி, அந்தக் கரிய கண்களோடு லென்ஸைப் பார்த்தது. மூச்சை அடக்கி ஆறு படங்கள் எடுத்தேன். ஃபிளாஷை ஆன் செய்ய மறந்திருந்தேன்.