டெஸ்டோஸ்டிரோன் குறைவா? முதலில் காலை ரத்தப் பரிசோதனை
சோர்வு மட்டும் இருந்தால் இந்த ஆண் ஹார்மோன் மீது பழிபோட வேண்டாம். உடலுறவு ஆசை குறைவதும் விடியற்காலை விறைப்பு நின்றுபோவதுமே வலுவான அறிகுறிகள்.

பாலிகிளினிக்கில் காலை 7 முதல் 10 மணிக்குள் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுங்கள். தே தாரிக் குடித்துவிட்டுப் போனால் அளவு இறங்கிக் காட்டும். மதியம் எடுத்தாலும் அப்படித்தான். காய்ச்சலா? தள்ளிப்போடுங்கள். வேறொரு நாள் மறுபடியும் எடுங்கள், ஒரே முடிவை நம்பி மருந்து தொடங்கக் கூடாது. இரண்டிலும் லிட்டருக்கு 8 நானோமோலுக்குக் கீழே என்றால் குறைவுதான். 8 முதல் 12 வரை இழுபறி. விரையைத் தூண்டும் ஹார்மோனான எல்எச் அளவையும் கேளுங்கள்: கோளாறு விரையிலா, மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலா என்று அது காட்டிக்கொடுக்கும்.

தொப்பை இருந்தால் எடையைக் குறைப்பதே முதல் வைத்தியம். இன்னும் குழந்தை வேண்டுமென்பவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் ஜெல்லும் கூடவே கூடாது. விந்தணு உற்பத்தி நின்றுபோகலாம். ஜெல் தடவிய தோள் நன்றாகக் காய்ந்து, சட்டை போட்ட பிறகே பிள்ளையைத் தூக்குங்கள், இல்லையென்றால் மருந்து பிள்ளைமேல் ஒட்டிவிடும். சிகிச்சை தொடங்கியபின் ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 54 சதவீதத்தைத் தாண்டினால், ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. மருத்துவரிடம் உடனே சொல்லி மருந்தை நிறுத்துங்கள்.