பழைய எம்எக்ஸ் 5ல கியர் லீவரை வீட்டிலேயே புதுசாக்கிற விதம்

என்ர மச்சான் போன வருஷம் கொழும்பில இருந்து ஒரு பழைய மஸ்டா எம்எக்ஸ் 5 கொண்டு வந்தவர், முதலாம் தலைமுறை, யப்பான்ல யூனோஸ் ரோட்ஸ்டர் எண்டு வித்த அதே கார்தான். எஞ்சின் நல்லம், பொடி நல்லம், ஆனா கியர் லீவரைப் பிடிச்சால் சாம்பார்ச் சட்டிக்குள்ள அகப்பை விட்டுக் கிண்டுற மாதிரி இருக்கும், மூண்டாவதில போட்டாலும் இடப்பக்கம் வலப்பக்கம் ரெண்டு விரல் ஆடும், அறுபதுக்கு மேல போனால் கிலுகிலு எண்டு சத்தம் வேற. இஞ்ச யாழ்ப்பாணத்தில ஒரு கராஜில காட்ட கியர்பொக்ஸ் இறக்கோணும் எண்டு சொல்லிப்போட்டினம். கடைசியில பொக்ஸ் இறக்கவே இல்லை, முற்றத்தில மாமரத்துக்குக் கீழ நிப்பாட்டி ஒரு பின்னேரத்தில ரெண்டு பேருமா முடிச்ச வேலை. அதைத்தான் முதல் தடவை செய்யிற ஆக்களுக்கு விளங்கிற மாதிரி எழுதுறன்.

முதல்ல ஒண்டு சொல்லோணும், லீவர் லூசா இருக்கெண்டால் உடன ஷோர்ட் ஷிஃப்டர், அதாவது கை கொஞ்சத் தூரம் போனாலே கியர் மாறுற லீவர், வாங்க ஓடாதைங்கோ. பழைய காருகளில பிரச்சினை அனேகமா லீவரில்லை, அதுக்குக் கீழ இருக்கிற சின்ன நைலோன் புஷ் (லீவர் நுனியில மாட்டுற வளையம்), ரெண்டு றப்பர் பூட் (லீவரைச் சுத்தி மூடுற உறை), காஞ்சுபோன ஒயில், இதுகள்தான். முதல் அதை மாத்திப் பாருங்கோ, மாத்தின பிறகும் இன்னும் குட்டையா வேணும் எண்டு தோணினால் பேந்து ஷோர்ட் ஷிஃப்டரைப் பற்றி யோசிக்கலாம். பிஞ்ச புஷ்ஷுக்கு மேல புது லீவரைக் கொண்டுவந்து வைச்சால் அதுவும் அப்பிடியேதான் ஆடும்.

இந்தக் காரில வேலை லேசா இருக்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கு. 1989 பெப்ரவரியில சிகாகோ கண்காட்சியில முதல் காட்டின நாளில இருந்து இதில எஞ்சின் முன்னுக்கு, ஓடுறது பின் சில்லு, கியர்பொக்ஸ் உங்கட இடுப்புக்குப் பக்கத்தில. அதால லீவர் பொக்ஸுக்கு மேல நேரா குத்தி நிக்குது, முன்சில்லில ஓடுற காருகள் மாதிரி நடுவில கேபிளோ நீளத் தடியோ ஒண்டும் இல்லை. லீவர் நிக்கிற அந்தக் கிணறு மாதிரி இடத்தை டரட் எண்டு சொல்லுவினம், அதுக்குள்ள பொக்ஸ் ஒயிலில இருந்து வேறயா கொஞ்சம் கியர் ஒயில் நிக்கும். இது கனபேருக்குத் தெரியாது, கியர்பொக்ஸ் ஒயில் மாத்தினால் எல்லாம் சரி எண்டு நினைச்சுக்கொண்டிருப்பினம், டரட் உள்ளுக்குக் காஞ்சு கிடக்கும்.

வேண்டிய சாமான்: லீவரின்ர கீழ் நுனியில மாட்டுற நைலோன் புஷ், கீழ வாற சின்ன றப்பர் பூட், மேல வாற பெரிய பூட், 75டபிள்யூ-90 கியர் ஒயில் ஒரு சின்னப் போத்தல். ஒயில் போத்தலில ஜிஎல்-4 எண்டு போட்டிருக்கோ எண்டு பாத்து எடுங்கோ, ஜிஎல்-5ல சிலதில இருக்கிற கந்தக மருந்து பித்தளை சிங்ரோ வளையங்களுக்கு (கியர் மாறேக்க பல்லுச் சக்கரங்களின்ர வேகத்தை ஒண்டாக்கிறது) நல்லதில்லை. ஒயில் ஸ்டான்லி வீதிப் பக்கம் எடுக்கலாம், புஷ்ஷும் பூட்டும் நாங்கள் கொழும்பில பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில ஆள் விட்டுத் தேடியும் பழசுதான் கிடைச்சுது, பழைய றப்பரை வாங்கிப் போடுறதில அர்த்தமே இல்லை, அதால வெளியில இருந்து புதுசா எடுப்பிச்சது. ஆயுதம் எண்டால் நட்சத்திர ஸ்குரூ டிரைவர், 10, 12 சொக்கெட், ஒரு எக்ஸ்டென்ஷன், நீள மூக்குக் குறடு, பாமசியில வாங்கின ஊசியில்லாத பெரிய சிறிஞ்ச், அதோட ஒரு துண்டு ரியூப், கிழிஞ்ச பழைய சாரம்.

காரைச் சமதரையில விட்டு எஞ்சின் வடிவா ஆறினாப் பிறகு தொடங்குங்கோ, கீழால சைலன்சர் குழாய் போகுது, சுடும். ஹான்ட்பிறேக் இழுத்து, சில்லுக்குக் கல் வைச்சு, கியரை நியூட்ரலில விடுங்கோ.

லீவர் நொப்பைக் கையால இடப்பக்கமாச் சுத்தினால் கழண்டு வரும். அடுத்தது நடுக் கன்சோல், ரெண்டு சீற்றுக்கும் இடையில இருக்கிற பிளாஸ்டிக் மூடி. இதில ஸ்குரூ ஒளிஞ்சிருக்கிற இடங்கள்தான் ஆளை மினக்கெடுத்தும், அஷ்ரே தூக்கினால் அதுக்குக் கீழ பாருங்கோ, பின்னுக்கு மூடி வைச்ச பெட்டிக்குள்ள பாருங்கோ, முன்னுக்கு ரெண்டு பக்கமும் கால் படுற இடத்தில பாருங்கோ. எல்லாம் கழட்டியும் வரேல்லை எண்டால் இன்னும் ஒண்டு எங்கயோ இருக்கு, இழுக்காதைங்கோ, முப்பது வருஷ பிளாஸ்டிக் படக்கெண்டு வெடிச்சிடும். பவர் விண்டோ கார் எண்டால் சுவிச்சுக்குப் போற வயர் கப்ளிங்கைக் கழட்டிப்போட்டுத்தான் தூக்கோணும். ஸ்குரூவெல்லாம் கழட்டின ஒழுங்கிலயே ஒரு தட்டில வைச்சுக்கொள்ளுங்கோ.

கன்சோல் போனால் பெரிய றப்பர் பூட் தெரியும், அதைச் சுத்தி நாலு 10 போல்ட். கழட்டி பூட்டை லீவருக்கு மேலால உருவி எடுங்கோ. எங்கட காரில இந்தப் பூட் ஒரு பக்கம் முழுக்கக் கிழிஞ்சிருந்தது, அப்பதான் விளங்கினது ஏன் வெயில் நேரத்தில கால் பக்கம் அவ்வளவு வெக்கை வந்தது எண்டு, ஒயில் மணமும் அதாலதான் வந்திருக்கு.

அதுக்குக் கீழ சின்னப் பூட், ஒரு தகட்டோட சேர்ந்து மூண்டு 12 போல்டில நிக்கும். போல்டைத் தொட முதல் சுத்தி இருக்கிற மண்ணைத் துணியாலயும் பிரஷ்ஷாலயும் வடிவாத் துடைக்கோணும். இதை அவசரப்பட்டு விடாதைங்கோ, எங்கட றோட்டுப் புழுதி ஒரு சிட்டிகை உள்ள விழுந்தாலும் அது கியர்பொக்ஸுக்குள்ளதான் போகும். துடைச்சாப் பிறகு மூண்டையும் கழட்டி, லீவர் எந்தப் பக்கம் பாத்து நிக்குது எண்டு பெயின்ரால ஒரு கோடு போட்டிட்டு, நேரா மேல தூக்குங்கோ. வளைஞ்ச லீவர், முன் பின் மாறினால் கைக்குச் சரிவராது. மேல ஒரு வளைஞ்ச வொஷர் இருக்கும், எது மேல எது கீழ எண்டு போனில ஒரு படம் எடுத்து வையுங்கோ.

நாங்கள் தூக்கேக்க லீவர் நுனியில ஒண்டுமே இல்லை, வெறும் இரும்புக் குண்டு. டோர்ச் அடிச்சுப் பாத்தால் டரட் அடியில தேத்தண்ணிச் சாயம் மாதிரிக் கறுப்புச் சேறு, அதுக்குள்ள புஷ் மூண்டு துண்டாக் கிடக்குது, விரலால அமத்தினால் பிஸ்கட் மாதிரி நொறுங்குது. ஆட்டமும் கிலுகிலுப்பும் முழுக்க அந்த விரல்நுனி அளவு பிளாஸ்டிக்காலதான்! உங்கடதிலயும் உடைஞ்சிருந்தால் எல்லாத் துண்டையும் குறட்டால எடுத்து வெளியில ஒண்டாச் சேர்த்து முழு வட்டம் வருதோ எண்டு பாருங்கோ, ஒரு துண்டு குறைஞ்சாலும் தேடி எடுக்காமல் மூடக்கூடாது. பிறகு பழைய ஒயிலைச் சிறிஞ்சால உறிஞ்சி எடுத்து, நூல் விடாத துணியால உள்ளுக்குத் துடையுங்கோ. லீவரில வேலை செய்யிற நேரம் ஓட்டையைச் சுத்தமான துணியால மூடி வையுங்கோ.

புதுச் சின்னப் பூட்டை லீவரின்ர மேல் பக்கத்தாலதான் இறக்கோணும், கொஞ்சம் சோப்புத் தண்ணி தடவினால் வழுக்கிக்கொண்டு வரும், பிறகு ஈரத்தைத் துடைச்சு விடுங்கோ. நைலோன் புஷ்ஷைச் சுடுதண்ணியில ரெண்டு மூண்டு நிமிஷம் போட்டு எடுத்து, துடைச்சு, லீவர் நுனிக் குண்டில வைச்சு நேரா அமத்துங்கோ. சரியா ஏறினால் டக் எண்டு ஒரு சத்தம் கேக்கும், கையிலயும் தெரியும். சுத்தியலால தட்டக்கூடாது.

இப்ப டரட்டுக்குள்ள புது ஒயில், சுமார் 80, 90 மில்லி, சிறிஞ்சில அளந்து விடுங்கோ. லீவரை அடையாளம் பாத்து இறக்கி, தகட்டை வைச்சு மூண்டு போல்டையும் முதல் கையாலயே பூட்டுங்கோ, பேந்து ஒவ்வொண்டாக் கொஞ்சம் கொஞ்சமா மாறி மாறி இறுக்குங்கோ. கீழ அலுமினியம், மணிக்கட்டால மட்டும் இறுக்கினால் காணும், தோளைப் போட்டு இழுத்தால் மரை போயிடும், அதுக்குப் பிறகு உண்மையாவே பொக்ஸ் இறக்கிற வேலைதான்.

கன்சோல் போட முதல் கிளட்ச்சை அமத்திக்கொண்டு, எஞ்சின் ஓப்பில, அஞ்சு கியரும் ரிவர்ஸும் விழுதோ எண்டு பாருங்கோ. ஏதும் ஒண்டு விழாட்டில் பயப்படாதைங்கோ, உள்ளுக்குப் பல்லு நேர்படாமல் நிக்கும், கிளட்ச்சை ஒருக்கா விட்டு அமத்தி, காரை நாலு அங்குலம் தள்ளிப்போட்டுத் திரும்பப் போடுங்கோ. எல்லாம் சரியெண்டால் பெரிய பூட், கன்சோல், நொப் எண்டு வந்த வழியால திரும்பிப் போங்கோ.

இனி ஷோர்ட் ஷிஃப்டர். அதில நடக்கிறது வெறும் நெம்புகோல் கணக்கு. விளங்கிறதுக்கு லீவர் ஆடுற புள்ளிக்கு மேல 200 மில்லிமீற்றர், கீழ 50 எண்டு வைப்பம், அப்ப விகிதம் நாலு. கீழ 12 மில்லிமீற்றர் நகர மேல கை 48 போகோணும். அந்தப் புள்ளியை 15 மில்லிமீற்றர் உயர்த்தினால் மேல 185, கீழ 65, விகிதம் 2.85 சொச்சம், கை 34 போனால் காணும். ஆனா கை போற தூரம் குறையக் குறையப் பலம் கூடக் கேக்கும், இந்தக் கணக்கில கிட்டத்தட்ட 40 வீதம். அதுவும் இந்தப் பொக்ஸில காலமை ஒயில் சூடாக முதல் ரெண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், குட்டை லீவரால அதை அடிச்சுப் போட்டால் அடி சிங்ரோவுக்குத்தான். வாங்கினால் பூட்டுறது மேல சொன்ன அதே வேலைதான், லீவருக்குப் பதிலா புதுசும் அதோட வாற ஸ்பேசரும் (ஆடுற புள்ளியை உயர்த்திற துண்டு) வைக்கிறது, அவ்வளவுதான்.

நொப் மாத்த விரும்பினால் மரை எம்10, 1.25 பிச் எண்டு கேட்டு வாங்குங்கோ. பாரமான நொப் கைக்குச் சுகம், தன்ர பாரத்திலயே கியருக்குள்ள போற மாதிரி இருக்கும். ஆனா கூரை திறந்து விடுற கார், யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயில், இதுக்குள்ள வெறும் இரும்பு நொப் போடாதைங்கோ, மத்தியானம் பிடிக்கவே ஏலாது. தோல் சுத்தினது இல்லாட்டி பிளாஸ்டிக் நல்லம்.

எங்கட காரை அண்டைக்கே பண்ணைப் பாலத்தால ஒரு ஓட்டம் கொண்டு போனனாங்கள், ரெண்டில இருந்து மூண்டுக்குப் போகேக்க மச்சான் வாய் திறக்காமல் என்னைத் திரும்பிப் பாத்தார், பேந்து நாலுக்குப் போட்டுத் திரும்ப மூண்டுக்கு இறக்கினார், தேவையே இல்லாமல் நாலஞ்சு தரம். நீங்களும் ஒரு கிழமை ஓடினாப் பிறகு கன்சோலை ஒருக்காத் தூக்கி, சின்னப் பூட்டைச் சுத்தி ஒயில் ஈரம் இருக்கோ எண்டு விரலால தடவிப் பாருங்கோ, இருந்தால் மூண்டு போல்டையும் கால் சுத்து இறுக்கி விடுங்கோ.