யிக்ட்ராசில் உலக மரத்தை மூலநூல் பிசகாமல் வரைவது எப்படி

யிக்ட்ராசில் என்பது வடஐரோப்பியரின் பழைய நார்ஸ் புராணங்களில் உலகங்களைத் தாங்கும் மரம். பென்சிலை எடுக்கும் முன் எந்த நூலை வைத்து வரையப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். பழைய நார்ஸ் பாடலான கிரிம்னிஸ்மால், வேர்களின் அடியில் ஹெல் (இறந்தோர் உலகின் தலைவி), உறைபனி அரக்கர்கள், மனிதர்கள் என மூவரை வைக்கிறது. 1220 வாக்கில் ஐஸ்லாந்தில் ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதிய எட்டா என்ற புராண உரைநூலில் மனிதர்களுக்கு வேர் இல்லை; தேவர்களுக்கு உண்டு. இரண்டையும் கலந்தால் மூன்று வேர் என்ற கணக்கே உதைக்கும்.

படத்துக்குத் தோதானது ஸ்னோரிதான், கிணறுகளைத் தெளிவாகச் சொல்வதால். A3 தாளை நெடுக்காக வைத்து, கீழ் மூன்றில் ஒரு பங்கை வேர்களுக்கு ஒதுக்குங்கள். குறைத்தால் பாம்புக்கு இடமிருக்காது. அரக்கர் பக்க வேரடியில் மீமிர் கிணறு. நிஃப்ல்ஹைம் என்ற பனிமூட்ட உலகின் வேரடியில் ஹ்வெர்கெல்மிர் ஊற்று; அங்கேதான் நித்ஹொக் என்ற பாம்பு வேரைக் கடிக்கிறது. உர்த் கிணறுள்ள மூன்றாவது வேர் வானத்தில் இருப்பதாக ஸ்னோரி எழுதுகிறார். ஆகவே அதை மேலே வளைத்துவிடுங்கள். பலர் மண்ணுக்குள் இறக்கிவிடுகிறார்கள்.

இது ஆஷ் என்ற ஐரோப்பிய மர வகை; ஓக் இலை போடாதீர்கள். வேப்பிலை போல ஒரே காம்பின் இருபுறமும் சிற்றிலைகள், நுனியில் தனியாக ஒன்று. மொத்தம் 9 முதல் 13 வரை போதும். நிஜ ஆஷ் குளிர்காலத்தில் இலை உதிர்க்கும். வோலுஸ்பா பாடலோ இதை என்றும் பசுமையானது என்கிறது, அதனால் பனிக்காலக் காட்சியிலும் பச்சைதான்.

உச்சியில் கழுகு, அதன் கண்களுக்கு நடுவே பருந்து. அடிமரத்தில் ஏறி இறங்கும் அணில் ரடடாஸ்க், கிளைகளில் தழை மேயும் நான்கு ஆண் மான்கள். அதே புராணங்களில் வரும் ஹெய்த்ரூன் ஆட்டை இங்கே கட்டாதீர்கள். அது மேய்வது லேராத் என்ற மரத்தில். இரண்டும் ஒன்றே என்று எந்த மூலநூலும் சொல்லவில்லை.

கிளைக்கு ஒன்றாக ஒன்பது உலகங்களைத் தொங்கவிடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. ஒன்பது என்ற எண் பாடல்களில் உண்டு; பட்டியலோ இடவமைப்போ கிடையாது.

ஓரத்தில் பழைய ஜெர்மானிய இனமான சாக்சன்கள் வழிபட்ட இர்மின்சூல் தூணையும் வரைய நினைத்தால், வெட்டவெளியில் நட்ட பெரிய மரத்தண்டு மட்டும் போதும். 9-ஆம் நூற்றாண்டுத் துறவி ருடால்ஃப் தரும் வர்ணனை அவ்வளவுதான். பிராங்கிய மன்னர் சார்லமேன் 772-இல் அதை அழித்துவிட்டார். இரு கைகள் வளைந்த பிரபலமான வடிவம், ஜெர்மனியின் எக்ஸ்டெர்ன்ஸ்டைன் பாறையிலுள்ள கிறிஸ்தவச் சிற்பத்திலிருந்து 20-ஆம் நூற்றாண்டில் எடுத்து நிமிர்த்தப்பட்டது.

வண்ணம் கடைசியில். விதியை வகுக்கும் பெண்களான நோர்ன்கள் தினமும் உர்த் கிணற்று நீரோடு வெண்சேற்றையும் மரத்தின் மேல் ஊற்றுவதால் அடிமரத்துக்கு வெளிறிய பூச்சு கொடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் உளுத்ததாகக் கருமையாக்குங்கள்.