ஊர் வீட்டை விட்டு வர மறுக்கும் பெற்றோருக்காகச் செய்ய வேண்டியவை

அம்மா விழுந்துவிட்டார் என்று ஊரிலிருந்து போன் வந்ததும், வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் "இனிமே தனியா விட முடியாது, கூட்டிட்டு வந்துடலாம்" என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். அதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். பல நேரங்களில் விழ வைத்தது ஈரக் குளியலறையோ, கொல்லைக்குப் போகும் இருட்டு வழியோ, உயரமான படியோதான். அதை ஒரு கொத்தனாரும் எலக்ட்ரீஷியனும் சில நாளில் சரிசெய்துவிடலாம். எழுபது வயதுக்கு மேல் பறிபோன அக்கம்பக்கத்தை யாராலும் கட்டித் தர முடியாது.

முதலில் இரண்டு நாள் போய்த் தங்குங்கள். எதையும் மாற்றாமல் பார்த்து, ஒரு நோட்டில் எழுதுங்கள். காலையில் எங்கே உட்காருகிறார், எந்த நேரத்தில் யார் வந்து குரல் கொடுக்கிறார்கள், எழுந்து நடக்கும்போது எதைத் தொட்டுக்கொள்கிறார். நேராகக் கேட்டால், "எனக்கென்ன, எங்க வேணாலும் இருப்பேன்" என்றுதான் பதில் வரும். "நேத்து யாரெல்லாம் வந்தாங்க?" என்று கேட்டுப் பாருங்கள், பட்டியல் தானாக வரும். வீட்டுப் பாசம் என்று பொதுவாகச் சொல்கிறோமே, அது இவ்வளவு துல்லியமானது: திண்ணையில் விழும் ஏழு மணி வெயில், பால்காரரின் குரல், இருட்டிலும் கைக்குத் தட்டுப்படும் தூண். பார்வை மங்கிய பிறகும் ராத்திரியில் அவரை நடத்திச் செல்வது கால் பழகிய வழிதான். அதனால் வசதியாக இருக்கட்டும் என்று கட்டிலையும் பீரோவையும் இடம் மாற்றாதீர்கள், அதனாலேயே விழுவார்கள்.

அந்தப் பட்டியலில், காலை எட்டு மணிக்குக் கதவு திறக்காவிட்டால் யார் கவனிப்பார்கள் என்று பாருங்கள். அவர்களில் இருவரிடம் மாற்றுச் சாவியும் உங்கள் எண்ணும் இருக்க வேண்டும். எந்தக் கேமராவையும் விட இதை நம்பலாம்.

அடுத்தது குளியலறை. வேலையில் பாதி இங்கேதான். கைப்பிடி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குல விட்டத்தில், சுவரிலிருந்து ஒன்றரை அங்குலம் தள்ளி, தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில் இருக்கட்டும். துண்டு போடும் கம்பி கைப்பிடி ஆகாது, ஆள் பாரத்தில் பிய்ந்து வந்துவிடும். பழைய வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. சுண்ணாம்புக் காரைச் சுவரிலும் மண் சுவரிலும் சாதாரண ஆங்கர் போல்ட் நிற்காது. அது உள்ளே விரிந்து பிடிக்கும் வகை. சுவர் பொலபொலவென்று இருந்தால் விரிய விரியக் காரை உதிரும். சுவரைத் துளைத்து மறுபக்கம் இரும்புத் தகடு வைத்து நட்டு முடுக்குங்கள், இல்லையென்றால் தரையில் கான்கிரீட் போட்டுக் கம்பம் நடுங்கள். பொருத்தியதும் நீங்களே முழு பாரத்தையும் கொடுத்து இழுத்துப் பாருங்கள்.

வெஸ்டர்ன் கழிப்பறை என்றால் இருக்கை 17 முதல் 19 அங்குல உயரம் இருந்தால் முழங்காலுக்குச் சிரமம் குறையும். இந்தியக் கழிப்பறையின் மேல் நாற்காலி போடுவதானால், நாற்காலிக் கால்களின் அடியில் மாட்டிய ரப்பர் புஷ் தேய்ந்துவிட்டதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். தேய்ந்தால் ஈரத்தில் வழுக்கும்.

நிலைப்படியை இடிக்காதீர்கள். கொத்தனார் "தட்டிடலாம் சார்" என்பார். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த படி அது, அவர் கண்ணெதிரே உடைபடக் கூடாது. நடக்கிறவருக்குச் சாய்தளம் தேவையில்லை. கதவு நிலையில் நெட்டுவாக்கில் ஒரு கைப்பிடியும், படி விளிம்பில் பளிச்சென்று ஒரு பெயிண்ட் கோடும் போதும். சக்கர நாற்காலி என்றால்தான் சாய்தளம்: ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். நாலு அங்குலப் படிக்கு நாலு அடிப் பலகை வேண்டும். எடுத்துவிடக்கூடியதாகச் செய்யுங்கள்.

கட்டிலிலிருந்து கழிப்பறை வரை, ஆள் நடந்தால் எரியும் சென்சார் விளக்குகள் போடுங்கள். மின்வெட்டுக்கு, சார்ஜ் நிற்கும் பல்பு ஒன்று. பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வர, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதியுங்கள். முதியோர் உதவி எண் 14567 போன் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது வீட்டை ஒழிக்காதீர்கள். இது மன்னிக்க முடியாமல் போய்விடுகிற தவறு. பழைய பாத்திரமும் டிரங்குப் பெட்டியும் கழிக்க வேண்டுமென்றால், அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, நாளுக்கு ஓர் அலமாரி.

இத்தனையும் செய்தும் முடியாமல் போகலாம். அடுப்பை அணைக்க மறக்கிறார், மறுபடி மறுபடி விழுகிறார், வெளியே போனவருக்கு வழி தெரியவில்லை என்றால் அழைத்து வரத்தான் வேண்டும். முதல் தடவை மூன்று வாரத்துக்கு. திரும்பும் டிக்கெட்டை முன்பே எடுத்து அவர் கையில் கொடுங்கள், சொன்ன தேதியில் கொண்டுபோயும் விடுங்கள். இதில் பொய் சொன்னால் அடுத்த தடவை கிளம்பவே மாட்டார். ஊர்க் கோயில் கொடை வரும் மாதத்தில் அழைக்காதீர்கள்.

புது வீட்டில் அவர் கட்டிலையே போடுங்கள். ஊரில் எந்தப் பக்கம் இறங்கினாரோ அதே பக்கம் இறங்கும்படி இருக்கட்டும், வடக்கே தலை வேண்டாம். அவர் டம்ளர், சாமி படம், தினசரி காலண்டர் கூடவே வரட்டும். கீரை ஆய்வதோ பால் பாக்கெட் எடுப்பதோ, அவர் செய்யாவிட்டால் நடக்காத ஒரு வேலை அவருக்கென்று இருக்கட்டும். ஊர் வீட்டை முதல் ஒரு வருஷம் வாடகைக்கு விடாதீர்கள். கரண்டு பில் கட்டி, வாரம் ஒருமுறை யாராவது கூட்டி விளக்கேற்ற ஏற்பாடு செய்யுங்கள். ஊரில் சாவு விழுந்தால் மறைக்காதீர்கள். முடிந்தால் கூட்டிப்போங்கள். பிறகு தெரிய வரும்போது, தான் ஊரில் ஓர் ஆளாகவே இல்லையோ என்று நினைத்துக்கொள்வார்.

இடமாற்றத்தோடு சேர்த்துச் சொத்துப் பேச்சை எடுக்க வேண்டாம். அவராகவே செட்டில்மென்ட் எழுதினால், கடைசி வரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். கவனிக்காமல் விட்டால் 2007ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் தீர்ப்பாயத்தை அணுகி ரத்து கேட்க அதுதான் பிடிமானம்.

மறதி நோய் உள்ளவர் சாயங்காலமானால் "வீட்டுக்குப் போகணும்" என்பார். சொந்த வீட்டுக்குள் இருந்துகொண்டே சொல்வார். "இதுதான் வீடு" என்று வாதாடினால் பதற்றம் கூடும். பசியா, மூத்திரம் முட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். விளக்கைப் பொழுது சாயும் முன்பே போட்டுவிடுங்கள். பிறகு, "கொல்லையில என்ன மரம் நின்னுச்சு?" என்று கேட்டு, கையைப் பிடித்து வாசல் வரை ஒரு நடை போய் வாருங்கள்.