காசிக்குத் தனியே ரயிலில் போகிறவர் யாழ்ப்பாணத்தில் இருந்தே செய்யவேண்டிய ஆயத்தங்கள்

யாழ்தேவியில் கொழும்புக்குப் போய்வந்த பழக்கம் இந்திய ரயிலுக்கு அரைவாசிதான் உதவும். யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். சென்னையில் இருந்து வாரணாசி 2,100 கிலோமீற்றருக்கு மேல். இரண்டு இரவும் நடுவில் ஒரு முழுப்பகலும் ஒரே பெட்டிக்குள் போகும். கூட ஒருவர் இருந்தால் சாமானைப் பார்க்க ஆளிருக்கும், இறங்கும் நேரம் எழுப்ப ஆளிருக்கும். தனியே போகும்போது அந்த வேலைகள் எல்லாவற்றையும் உங்கள் பெர்த்தும் (படுக்கை இடமும்) உங்கள் முன்னேற்பாடும்தான் செய்யவேண்டும். ஆகவே பெரும்பாலான முடிவுகள் பலாலியில் விமானம் ஏறுவதற்கு முன்பே எடுக்கப்படவேண்டியவை.

ரிக்கற்

சென்னை சென்ட்ரலில் இருந்து வாரணாசிக்கு நேரே போகிற பழைய வண்டி கங்கா காவேரி எக்ஸ்பிரஸ், எண் 12669. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஓடும். விஜயவாடா, நாக்பூர், இட்டார்சி, ஜபல்பூர், பிரயாக்ராஜ் சியோகி வழியாகப் போகும். இந்த வண்டி வாரணாசியோடு முடிவதில்லை, அதைத் தாண்டி பீகாரில் உள்ள சாப்ரா வரை போகிறது. கடைசி நிலையம்தானே என்று படுத்திருந்தால் வேறு மாநிலத்தில்தான் கண்விழிப்பீர்கள்.

முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கும். 2024 நவம்பருக்கு முன் இது 120 நாளாக இருந்தது, பழைய பயணக் குறிப்புகளை நம்பி நாள் கணக்குப் போடவேண்டாம். இந்திய ரயில் ரிக்கற் விற்கும் ஐஆர்சிடிசி இணையத்தளத்தில் வெளிநாட்டவரும் கணக்குத் திறக்கலாம். பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதுங்கள். தந்தையின் பெயர் முன்னா, பின்னா என்பதில் எங்கள் ஆட்கள் அடிக்கடி குழம்புவார்கள். ரயிலில் பரிசோதகர் கேட்பது கடவுச்சீட்டின் மூலப்பிரதி. படமெடுத்து வைத்த பிரதி போதாது.

கடைசி நேரத்தில் 'தட்கல்' எடுக்கலாம் என்ற துணிவில் போகாதீர்கள். 2025 ஜூலையில் இருந்து அதை இணையத்தில் எடுக்க ஆதார் (இந்திய அடையாள எண்) உறுதிப்படுத்தல் வேண்டும், இலங்கையருக்கு அது இல்லை. உங்களுக்குள்ள மாற்றுவழி வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஒதுக்கீடு. சென்னை சென்ட்ரலின் பக்கத்தில் உள்ள மூர் மார்க்கெட் வளாகத்து முன்பதிவு நிலையத்தில் அதற்கென்று தனி இடம் உண்டு. கடவுச்சீட்டும் விசாவும் கொண்டு நேரே போகவேண்டும். எல்லா ரயிலிலும் எல்லா வகுப்பிலும் இந்த ஒதுக்கீடு இல்லை, அதனால் இரண்டாவது தெரிவாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ரிக்கற்றில் வரும் எழுத்துகளை வடிவாகப் படிக்கவேண்டும். 'சிஎன்எஃப்' என்றால் பெர்த் உறுதி. 'ஆர்ஏசி' என்றால் ரயிலில் ஏறலாம், ஆனால் பக்கவாட்டுக் கீழ் பெர்த்தை இன்னொருவரோடு பாதி பாதியாக இருந்துகொண்டு பகிரவேண்டும். யாராவது வராமல் விட்டால்தான் படுக்கை கிடைக்கும். 'டபிள்யூஎல்' என்றால் காத்திருப்புப் பட்டியல். புறப்படச் சில மணி நேரத்துக்கு முன் இறுதிப் பட்டியல் தயாராகும்போதும் அது அப்படியே நின்றால், இணையத்தில் எடுத்த ரிக்கற் தானாகவே ரத்தாகிக் காசு திரும்பும், ரயிலில் ஏறமுடியாது. இரண்டு இரவுப் பயணத்துக்குத் தனியே போகிறவர் உறுதியான பெர்த் இல்லாமல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடக்கூடாது என்பதே எங்கள் கருத்து.

எந்த வகுப்பு, எந்த பெர்த்

மாதத்தைப் பார்த்து வகுப்பைத் தெரிவு செய்யுங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை ஏசி இல்லாத 'ஸ்லீப்பர்' பெட்டியில் இரண்டாம் நாள் பகல் மிகக் கடுமையாக இருக்கும். பல்லார்ஷாவில் இருந்து நாக்பூர் வரையான பக்கம் வெயில் 40 பாகையைத் தாண்டும், ஜன்னலால் வருவது அனற்காற்று. டிசம்பர், ஜனவரியில் பிரச்சினை தலைகீழ். ஜபல்பூரைத் தாண்டிய இரவில் ஜன்னல் இடுக்கால் வரும் குளிருக்கு எங்களூர் மார்கழிப் பனிக்கான போர்வை காணாது. அந்த மாதங்களில் கங்கைச் சமவெளியில் மூடுபனி இறங்கி ரயில்கள் பல மணி நேரம் பிந்தும். பெப்ரவரி, மார்ச், ஒக்டோபர், நவம்பர் என்றால் ஸ்லீப்பரே போதும். மற்ற மாதங்களில் மூன்றடுக்கு ஏசிக்குக் கூடுதலாகக் காசு கொடுப்பது வீண்செலவு அல்ல. ஏசி வகுப்பில் விரிப்பு, தலையணை, கம்பளி தருவார்கள். ஸ்லீப்பரில் ஒன்றும் தரமாட்டார்கள். ஒரு சாரமும் ஒரு தடித்த விரிப்பும் பையில் இருக்கவேண்டும்.

பெர்த் எண்ணைப் பார்த்தே அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் எட்டு எட்டாக எண்ணி வருவார்கள். உங்கள் எண்ணை எட்டால் பிரித்து மீதியைப் பாருங்கள். 1 அல்லது 4 மீதியானால் கீழ், 2 அல்லது 5 நடு, 3 அல்லது 6 மேல், 7 பக்கவாட்டுக் கீழ், மீதியில்லாமல் பிரிந்தால் பக்கவாட்டு மேல். எடுத்துக்காட்டாக 43ஐப் பிரித்தால் மீதி 3, ஆகவே மேல் பெர்த். ஈரடுக்கு ஏசியில் ஆறு ஆறாக எண்ணவேண்டும், அங்கே நடு பெர்த் இல்லை.

உடம்பால் ஏறி இறங்க முடிந்தவர் தனியே போனால் மேல் பெர்த்தைக் கேளுங்கள். கீழ் பெர்த் பகலில் எல்லாருக்கும் பொது இருக்கை. நடு பெர்த்தை இரவு 10 முதல் காலை 6 வரைதான் விரிக்கலாம் என்பது விதி. மேல் பெர்த்தில் மட்டும்தான் பகல் இரண்டு மணிக்கும் யாரையும் கேட்காமல் படுக்கலாம். கைப்பையைத் தலைமாட்டில் வைத்தால் நடைபாதையில் போகிறவர் கை எட்டாது. பெண்களுக்கு இது இன்னும் நல்லது. முழங்கால் வருத்தம் உள்ளவர்களும் இரவில் பலமுறை எழும்புகிறவர்களும் கீழ் பெர்த்தே எடுக்கவேண்டும். 60 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் 45ஐத் தாண்டிய பெண்களுக்கும் கீழ் பெர்த்தில் முன்னுரிமை உண்டு. ஸ்லீப்பரில் பெண்களுக்கென ஆறு பெர்த் தனி ஒதுக்கீடாகவும் இருக்கிறது, பதிவு செய்யும்போது அந்த ஒதுக்கீட்டைத் தெரிவு செய்தால்தான் கிடைக்கும். பெட்டியின் இரு தலைப்பிலும் உள்ள எண்களை, அதாவது முதல் எட்டையும் கடைசி எட்டையும், தவிருங்கள். கழிப்பறை மணமும் கதவு அடிபடும் சத்தமும் இரண்டு இரவும் விடாது.

பையும் சாப்பாடும்

ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 40 கிலோ வரை கொண்டுபோகலாம். ஆனால் தனியே போகிறவருக்கு அளவு கிலோவில் இல்லை. இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு மேம்பாலப் படி ஏறமுடியாத சாமான் கூடாது. பெட்டி கீழ் பெர்த்தின் அடியில் போகவேண்டும். 25 சென்ரிமீற்றருக்கு மேல் தடித்த பெட்டி பல வேளை உள்ளே போகாது. இருக்கையின் கீழே இரும்பு வளையம் இருக்கும். சங்கிலியும் பூட்டும் கொண்டுபோய், பெட்டியின் கைப்பிடியை அந்த வளையத்தோடு சேர்த்துப் பூட்டுங்கள். மேல் பெர்த்காரருக்கும் கீழே வைக்க உரிமை உண்டு, ஆனால் முதலில் ஏறினால்தான் இடம் கிடைக்கும்.

கடவுச்சீட்டு, காசு, போன் மூன்றும் உடம்போடு ஒட்டிய சிறு பையில் இருக்கட்டும். கழிப்பறைக்குப் போகும்போதும் அது கூடவே போகும். சென்னையில் கொஞ்சக் காசை 10, 20, 50 ரூபாய்த் தாள்களாக மாற்றி வையுங்கள், தேநீர்க்காரரிடம் 500க்கு மிச்சம் இருக்காது.

எங்கள் வீடுகளில் இப்போது வருகிற சார்ஜர் பலவற்றில் சதுர மூன்று முனை. ரயில் பெட்டியில் உள்ளது உருண்டை முனைக்கான துளை. முனை மாற்றும் 'அடாப்டர்' ஒன்று வாங்கிப் போங்கள். பல பெட்டிகளில் இரவு 11 முதல் விடிய 5 வரை சார்ஜ் செய்யும் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள், ஆகவே படுக்கப் போகும்முன் போன் நிறைந்திருக்கவேண்டும். இந்திய சிம் சென்னையில் கடவுச்சீட்டும் விசாவும் காட்டி வாங்கலாம். இயங்கத் தொடங்கச் சில மணி நேரம் எடுக்கலாம் என்பதால் ரயில் நாளில் வாங்கவேண்டாம்.

சாப்பாட்டில் பிட்டும் இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு போகிற வழக்கத்தை விடுங்கள். தேங்காய்ப்பூ சேர்ந்தது முதல் இரவு தாண்டாது. பருத்தித்துறை வடை, பயித்தம் பணியாரம், எள்ளுருண்டை, புழுக்கொடியல் ஆகியவை மூன்று நாளும் கெடாது. முதல் இரவுச் சாப்பாட்டைச் சென்னையில் பார்சலாக எடுங்கள். இரண்டாம் நாளுக்கு ரயில் சமையல் பெட்டியில் இருந்து வரும், அல்லது ரிக்கற்றில் உள்ள பிஎன்ஆர் என்ற முன்பதிவு எண்ணைக் கொடுத்து ஐஆர்சிடிசி இணையவழியில் நாக்பூர், இட்டார்சி போன்ற பெரிய நிலையத்துக்கு வரச்சொல்லலாம். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் 'ஷுத்த ஷாகாஹாரி' என்று சொன்னால் விளங்கும். தண்ணீர்ப் போத்தலில் மூடி முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அந்நியர் தரும் பிஸ்கட்டையும் தேநீரையும் பணிவாக மறுத்துவிடுங்கள். மயக்கமருந்து கலந்து கொடுத்துச் சாமானைக் கொண்டுபோவது இந்திய ரயில்வே திரும்பத் திரும்ப எச்சரிக்கும் விடயம்.

ஏறுவது

விமானமும் ரயிலும் ஒரே நாளில் வேண்டாம். காங்கேசன்துறையில் இருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலில் போகிறவர்கள் இன்னும் ஒரு நாள் கூட்டி வைக்கவேண்டும், கடல் கொந்தளித்தால் கப்பல் நிற்கும். சென்னை விமான நிலையத்தில் இருந்து சென்ட்ரலுக்கு நீல வழி மெட்ரோ இடையில் மாறாமல் போகும். சென்ட்ரலும் எழும்பூரும் வெவ்வேறு நிலையங்கள் என்பதால் ரிக்கற்றில் உள்ள குறியைப் பாருங்கள். எம்ஏஎஸ் என்றால் சென்ட்ரல், எம்எஸ் என்றால் எழும்பூர்.

ஒரு மணி நேரம் முந்திப் போங்கள். நீண்ட ரயில் 500 மீற்றரைத் தாண்டும். தவறான முனையில் நின்றால் சாமானோடு ஓடவேண்டிவரும். மேடையில் தொங்கும் மின்பலகையில் ரயில் பெட்டியின் குறி எரியும். எஸ் என்றால் ஸ்லீப்பர், பி மூன்றடுக்கு ஏசி, ஏ ஈரடுக்கு ஏசி. ரிக்கற்றில் எழுதிய நிலையத்திலேயே ஏறவேண்டும். நீங்கள் பெர்த்தில் இல்லையென்றால் பரிசோதகர் அதை ஆர்ஏசியில் உள்ளவருக்குக் கொடுத்துவிடலாம். உங்கள் இடத்தில் யாராவது இருந்தால் சண்டை வேண்டாம். 'யே மேரி பர்த் ஹை' என்று சொல்லி எண்ணைக் காட்டுங்கள். அதற்கும் எழும்பாவிட்டால் பரிசோதகரிடம் சொல்லுங்கள்.

இரவும் இறங்குவதும்

நிலையத்தில் வண்டி மெதுவாக நகரத் தொடங்கும்போதுதான் ஜன்னலோரத்தில் போனைப் பறிப்பார்கள். அந்த நேரம் போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலருகே இருக்கவேண்டாம். தேநீருக்காக மேடையில் இறங்கினால் பெட்டியின் கதவை விட்டுத் தூரம் போகாதீர்கள். தரிப்பு இரண்டு நிமிடமாகவும் இருக்கலாம், ரயில் பிந்தியிருந்தால் இன்னும் குறைப்பார்கள். கழிப்பறைக்கு விடிய ஐந்து மணிக்கு முன் போங்கள். ஏழு மணிக்கு வரிசையும் நிற்கும், தண்ணீரும் முடிந்திருக்கும். சவர்க்காரமும் ஒரு சிறு வாளிக்கோப்பையும் உங்களிடம் இருக்கட்டும்.

யாராவது தொந்தரவு செய்தால், உடம்புக்கு முடியாவிட்டால், 139ஐ அழையுங்கள். ரயில்வே பாதுகாப்புப் படையும் மருத்துவ உதவியும் அடுத்த பெரிய நிலையத்துக்கு வரும். தனியே போகும் பெண்களைப் பயணம் தொடங்கும் நிலையத்திலேயே சந்தித்துப் பேச 'மேரி சஹேலி' என்ற பெண் காவலர் குழுவும் உண்டு. அபாயச் சங்கிலி உயிராபத்துக்கு மட்டும். தகுந்த காரணமின்றி இழுத்தால் 1,000 ரூபாய் வரை தண்டமும் ஓராண்டு வரை சிறையும் விதிக்கலாம். இறங்கும் நிலையத்தைத் தவறவிட்டது தகுந்த காரணம் ஆகாது.

கடைசி இரவு படுக்கும்முன், ரயில் எவ்வளவு பிந்தி ஓடுகிறது என்று பார்த்து, வாரணாசி வரும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முந்தி அலாரம் வையுங்கள். அலாரம் அடித்ததும், பிரயாக்ராஜ் சியோகி தாண்டிவிட்டதா என்று பாருங்கள். தாண்டியிருந்தால் சங்கிலியைக் கழற்றிப் பெட்டியைக் கதவருகே கொண்டுவரத் தொடங்கலாம். அங்கே ஒரே ஊருக்குள் வாரணாசி சந்திப்பு, வாரணாசி சிற்றி, பனாரஸ், காசி என்று பல நிலையங்கள் உண்டு. பனாரஸ் என்பது 2021 வரை மண்டுவாடி. முகல்சராய் 2018இல் தீனதயாள் உபாத்யாயா சந்திப்பு ஆனது, அது ஊருக்கு வெளியே ஆற்றின் மறுகரையில். திரும்பும் ரிக்கற் இவற்றில் எந்த நிலையத்தில் இருந்து என்று போன முதல் நாளே பார்த்துவையுங்கள். கங்கைத் தீர்த்தத்தை விமானத்தில் கைப்பையில் கொண்டுவர முடியாது, 100 மில்லிலீற்றருக்கு மேல் விடமாட்டார்கள். செம்பின் வாயை ஈயப்பற்று வைத்து அடைப்பித்து, துவாயில் சுற்றி, விமானத்தில் பதிவு செய்து அனுப்பும் பெட்டியின் நடுவில் வையுங்கள்.