குடவோலையில் ஓட்டுப் பெட்டியைத் தேடாதீர்கள்

கல்வெட்டு வாசிக்கப் பழகும் பிள்ளைகளோடு மாதம் ஒரு கோயிலுக்குப் போய்வருகிறேன். போன மாதம் ஒருவரின் குறிப்பேட்டில் ‘உலகின் முதல் ஜனநாயகம்’ என்ற வரியைப் பார்த்ததும் பகீரென்றது. இருபது வருடத்துக்கு முன் நான் எழுதிய அதே வரி. ஆட்சியாண்டைத் தப்பாகக் கணக்கிடுவது, எழுத்தை மாற்றி வாசிப்பதெல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். இங்கே சொல்லும் தவறுகள் அப்படிப் போவதில்லை.

மெய்க்கீர்த்தியை அப்படியே நம்புவது

கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனைப் புகழும் பகுதி அது. தோற்ற போர் அதில் வராது.

இன்றைய சொல்லை அன்றைய ஊருக்குப் போர்த்துவது

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, 919-இலும் 921-இலும் வெட்டியவை. ஊர் வேலைகளைப் பார்க்கும் குழுக்களான வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் விதிகள். பேர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுப்பதால் இதற்குக் குடவோலை முறை என்று பேர். விழா மலர் ஒன்றுக்குக் கட்டுரை கேட்டார்கள். ‘உலகின் முதல் ஜனநாயகம்’ என்று தலைப்பு வைத்து எழுதிக் கொடுத்தேன். அச்சாகி வந்ததும் எனக்குக் கல்வெட்டு சொல்லிக்கொடுத்த ஐயாவிடம் பெருமையாக நீட்டினேன். படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “ஏம்ப்பா, அந்தக் குடத்த வனைஞ்ச குயவர் பேரு ஓலையில வருமா?”

வராது. ஓலையில் பேர் ஏற, வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும் (வேலி என்பது பழைய நில அளவு). சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் தெரிய வேண்டும். நிலம் அரைக்கால் வேலிதான் என்றால் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும், அதாவது உரைநூலும், கற்றிருக்க வேண்டும். அது சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். விதி செய்தது பிராமணர் சபை, அரசாணையோடு வந்த அதிகாரி கூட இருக்க. யாரும் யாருக்கும் ஓட்டுப் போடவில்லை. குடத்தைக் குலுக்கி, விவரம் அறியாத சிறுவன் ஒருவனை விட்டு ஓலை எடுத்தார்கள். அதை நடுவராக இருந்த மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்றுகூடக் கல்லில் இருக்கிறது.

இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. வரிவரியாக வாசித்தவன்தான். ‘ஜனநாயகம்’ என்ற சொல் முதலிலேயே மண்டையில் ஏறி உட்கார்ந்துவிட்டதால், நிலத் தகுதியை ஓர் அடிக்குறிப்புக்குள் தள்ளினேன். விரித்த விரல்களைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. இன்றைக்கும் எரிச்சல் அதில்தான். விரலை ஏன் விரிக்கச் சொன்னார்கள்? கைக்குள் வேறு ஓலை இருக்குமோ என்ற சந்தேகம்தான் என்று எனக்குப் படுகிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவுக்காரரும் வரக்கூடாது. கடந்த மூன்று ஆண்டுக்குள் பதவியில் இருந்தவர் வரக்கூடாது. 30 முதல் 60 என்றிருந்த வயது வரம்பு இரண்டே ஆண்டில் 35 முதல் 70 ஆகிறது.

ஒரு கூற்று எந்தக் கேள்விக்குப் பதிலாக வந்தது என்று தெரியாதவரை அது புரியாது என்றார் ஆங்கில மெய்யியலாளர் காலிங்வுட். இந்தக் கல்லுக்குப் பின்னால் இருந்த கேள்வி ‘எல்லாருக்கும் உரிமை உண்டா?’ என்பதல்ல. ‘பொதுப் பணத்தைத் தின்றவன் மறுபடி உள்ளே வராமல் தடுப்பது எப்படி?’ என்பது. நான் கேட்காத கேள்விக்குக் கல் எப்படிப் பதில் சொல்லும்?

“ஏதென்ஸில் மட்டும் என்னவாம்?”

நியாயமான மறுப்பு. ஜனநாயகத்தின் தாய்வீடு என்று சொல்லப்படும் பழைய கிரேக்க நகரம் அது. அங்கும் பதவிகளுக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். பெண்களும் அடிமைகளும் வெளியே. குலுக்கலை மக்களாட்சியின் அடையாளமாகவும் தேர்தலைச் சிலராட்சியின் அடையாளமாகவும் பார்த்தார் அரிஸ்டாட்டில். ஆகவே ‘ஓட்டு இல்லை, அதனால் ஜனநாயகம் இல்லை’ என்று முடிப்பதும் அவசரம்தான். ஆனால் ஏதென்ஸின் பேரவையில் நிலமில்லாத குடிமகனும் உட்கார்ந்தான். வித்தியாசத்தை எழுதுங்கள், பட்டம் கொடுப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

எதிர்ப்பக்கம் குதிப்பது

‘சாதிக் குழு, வேறென்ன’ என்று ஒரே வரியில் முடிப்பவரும் விரல்களைப் பார்ப்பதில்லை.

‘எனக்குச் சார்பே கிடையாது’

நடந்ததை நடந்தபடியே காட்டுவதுதான் வேலை என்று 1824-இல் ஜெர்மன் வரலாற்றாசிரியர் ராங்கே எழுதினார். முன்முடிவே இல்லாமல் எதையும் புரிந்துகொள்ள முடியாது என்று பிறகு ஜெர்மன் மெய்யியலாளர் காடமர் வாதாடினார். சண்டை ஓயவில்லை. என் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒரு சின்ன வேலை: கோயிலுக்குள் போகுமுன் என்ன எதிர்பார்க்கிறாய் என்று குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடு. வெளியே வந்து அதைப் படி.

போன மாதம் அந்தப் பையனுக்கும் அதைத்தான் சொன்னேன். “நீங்க எழுதுவீங்களா சார்?” என்றான். எழுதுகிறேன். அன்றைக்கு மட்டும் மறந்துவிட்டேன்.